திரையில் பளிச்சுன்னு இருக்கு, பிரிண்ட்ல இருட்டா வருது: மானிட்டர் கலர் சரிசெய்தவங்க சொல்லுங்க

பாளையங்கோட்டை, ஆல்பம் டிசைன்
பிரிண்ட் போடுற லேபைத் திட்டுறதுக்கு முன்னாடி மானிட்டர் பிரைட்னஸைப் பாருங்க. பெட்டியிலிருந்து எடுத்த நிலையில பல மானிட்டர் 250 நிட்டுக்கு (திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு) மேல எரியும். போட்டோ வேலைக்கு 80 முதல் 120 போதும். அந்த வெளிச்சத்துல பொண்ணு மாப்பிள்ளை முகம் வெளுத்துத் தெரியும், நாம எடிட்டிங்ல கர்வைக் கீழ இழுத்துப் படத்தை இருட்டாக்குவோம். பேப்பர் தானா ஒளி விடாதே, அதனால முகம் கருத்துதான் வரும். வெளிச்சம் அளக்கிற மீட்டர் இல்லைன்னா திரையில காலி வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்துலயே அறை வெளிச்சத்துல ஒரு ஏ4 தாளைப் பிடிங்க. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணாத் தெரியிற வரை இறக்குங்க. கான்ட்ராஸ்ட் கம்பெனி வச்ச இடத்துலயே இருக்கட்டும். அதை ஏத்தினா ஆனித் தேருக்கு வடம் பிடிக்கிறவங்க வேட்டி மடிப்பெல்லாம் ஒரே வெள்ளையாப் போயிரும்.

நெல்லை டவுன், ஸ்டுடியோ
அண்ணாச்சி சொன்னதோட இதையும் சேத்துக்கிடுங்க. மானிட்டரைப் போட்டு அரை மணி நேரம் கழிச்சுத்தான் கை வைக்கணும். முதல்ல நிறத்தையும் வெளிச்சத்தையும் தானா மாத்துற நைட் லைட், விவிட் மோடு, டைனமிக் கான்ட்ராஸ்ட் மூணையும் நிறுத்துங்க. மானிட்டர் மெனுவுல கலர் டெம்பரேச்சரை (வெள்ளை நீலமா மஞ்சளாங்கிற அளவு) 6500 கெல்வின்ல வைங்க. கூல்ல விட்டா வெள்ளையில நீலம் ஏறும். அதைப் பாத்து படத்துல மஞ்சளைக் கூட்டிருவோம், பிரிண்ட்ல பட்டுவேட்டி பழுப்படிச்சு வரும்.

அப்புறம் விண்டோஸ் ஸ்டார்ட்ல dccwன்னு இங்கிலீஷ்ல அடிச்சா கலரைச் சரிசெய்யிற கேலிப்ரேஷன் திறக்கும். காமா (நடு வெளிச்சத்தோட அளவு) பக்கத்துல வட்டங்களுக்கு நடுவுல இருக்கிற புள்ளி மங்கி மறையிற இடத்துல நிறுத்துங்க. பிரைட்னஸ் பக்கத்துல படத்துல இருக்கிற ஆளு போட்டிருக்கிற கறுப்புக் கோட்டும் சட்டையும் தனித்தனியாத் தெரியணும், பின்னால உள்ள பெருக்கல் குறி தெரியுதா இல்லையாங்கிற அளவுல இருக்கணும். கலர் பேலன்ஸ்ல சாம்பல் பட்டைகள்ல எந்த நிறச் சாயலும் இருக்கக்கூடாது. இங்கதான் கண்ணு ஏமாத்தும். ரெண்டு நிமிஷம் பாத்தா எந்தச் சாம்பலும் சரியாத்தான் தெரியும். கொஞ்சம் வெளிய பாத்துட்டு வந்து திரும்பப் பாருங்க.

அம்பாசமுத்திரம், இயற்கைப் படங்கள்
மாஞ்சோலை மலைப் பச்சை ஒரு சாஃப்ட்வேர்ல உயிரோடவும் இன்னொண்ணுல செத்தும் தெரிஞ்சா, கோளாறு புரொஃபைல்ல, அதாவது ஃபைல்ல உள்ள எண்ணு எந்த நிறம்னு சொல்ற குறிப்புல. அடோபி ஆர்ஜிபி, எஸ்ஆர்ஜிபின்னு ரெண்டு நிற வரம்பு உண்டு; அடோபி ஆர்ஜிபி பச்சைப் பக்கம் அகலம். அடோபி ஆர்ஜிபி ஃபைலைப் புரொஃபைல் படிக்காத சாஃப்ட்வேர்ல திறந்தா சப்புன்னு இருக்கும். நிறம் அதிகம் காட்டுற வைட் காமட் மானிட்டர்ல இது தலைகீழ்: சாதாரண எஸ்ஆர்ஜிபி படம்கூட அந்த மாதிரி சாஃப்ட்வேர்ல முகமெல்லாம் செவந்து தெரியும். லேபுக்கு அனுப்பும்போது எஸ்ஆர்ஜிபிக்கு ‘கன்வெர்ட்’ பண்ணுங்க. ‘அசைன்’ பண்ணினா எண்ணு அப்படியே இருக்கும், நிறம் மாறிரும்.

வள்ளியூர், கம்ப்யூட்டர் சர்வீஸ்
லேப்டாப்ல டிஎன் பேனல்னா (திரையில ஒரு வகை) மூடியை ரெண்டு விரல் சாய்ச்சாலே நிழல் மாறும். சாய்ச்சுப் பாத்தாலும் அவ்வளவா மாறாத ஐபிஎஸ் வகை இல்லாததுல கலர் முடிவு எடுக்காதீங்க. பேட்டரியில ஓடும்போது இன்டெல் கிராபிக்ஸோட பவர் சேவிங், படத்துக்குப் படம் வெளிச்சத்தைத் தானா மாத்தும். அதையும் நிறுத்தணும்.

எச்டிஎம்ஐ வயர்ல வெளுத்துத் தெரிஞ்சா ரேஞ்சைப் பாருங்க, அதாவது கறுப்புல இருந்து வெள்ளை வரை உள்ள எண் அளவை. கிராபிக்ஸ் கார்டு 16 முதல் 235 வரை அனுப்பி, மானிட்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்த்தா, ஆயிரங்கால் மண்டபத்துக் கறுப்பெல்லாம் சாம்பலாயிரும். கிராபிக்ஸ் செட்டிங்ல ‘ஃபுல்’னு மாத்துங்க. டிவியை மானிட்டரா வச்சிருந்தா டிவியிலயும் அதே மாதிரி வைக்கணும். இல்லைன்னா இருட்டுல உள்ள விவரமெல்லாம் ஒரே கறுப்பா அப்பிக்கிடும்.

பாளையங்கோட்டை, ஆல்பம் டிசைன்
ஒண்ணு விட்டுப்போச்சு. மானிட்டர்ல 6500ன்னு எழுதியிருந்தா அது 6500தான்னு இல்லை. கேலிப்ரேட்டர் கருவி வச்சு அளந்தாத்தான் தெரியும், மாசம் ஒருதரம் அளக்கணும். நாலு ஸ்டுடியோ சேந்து ஒண்ணு வாங்கினாலும் போதும். இலக்கு 120 நிட், 6500, காமா 2.2. அளக்கும்போது ஜன்னலைச் சாத்திருங்க, மத்தியான வெயில் திரையில விழக்கூடாது. பின்சுவரு பச்சை டிஸ்டெம்பரா இருந்தா அதையும் சாம்பலாக்கிருங்க.