‘ஒரு சதவீதம்’னு சொன்னவர் கொஞ்சம் வாங்க

பழைய_சர்வர்: நேத்து ஒருத்தர் எழுதிட்டுப் போயிருக்கார்: “தளத்துக்கு ஹெச்டிடிபிஎஸ் (போற வர்ற தகவலைப் பூட்டி அனுப்புற முறை) போட்டா சர்வருக்குச் சுமையே இல்ல, ஒரு சதவீதம்தான்.” யார் வீட்டு ஒரு சதவீதம்? தீபாவளி விற்பனை ராத்திரி எங்க கடைத் தளம் ஓடுற மெஷின்ல சிபியு (கணினியோட மூளை) சுமை 90 சதவீதத்தை விட்டு இறங்கல. கண் முழிச்சு உக்காந்திருந்தவன் நான்.

ஜூரோங்_வாசி: சொன்னது நான்தான். 2010ல ஜிமெயில் முழுக்க ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறினப்போ கூகுள் இன்ஜினியரே எழுதின கணக்கு. சிபியுல ஒரு சதவீதத்துக்கும் கம்மி. புதுசா ஒரு மெஷின்கூட வாங்கல.

பழைய_சர்வர்: கூகுள் படியில என் கடை அரிசியை அளக்காதீங்க தம்பி. ஜிமெயிலைத் திறந்தவன் நாள் பூரா அங்கயே கிடப்பான். என்கிட்ட வர்றவன் ஒரு பக்கம் பார்த்துட்டு ஓடிடுவான். ஒவ்வொருத்தனுக்கும் புது ஹேண்ட்ஷேக் (பூட்டுச் சாவியைப் பேசி முடிக்கிற முதல் படி), ஒவ்வொண்ணுக்கும் சர்வர் போடுற ஆர்எஸ்ஏ 2048 கையெழுத்து, கனமான கணக்கு. ஒரு சதவீதமாம்!

உட்லண்ட்ஸ்_இரவுப்பணி: அண்ணே, ஆர்எஸ்ஏவை விட்டு இசிடிஎஸ்ஏங்கிற இன்னொரு வகைச் சான்றிதழுக்கு மாறுங்க, கையெழுத்துச் செலவு பல மடங்கு இறங்கும். ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு உள்ள பூட்டுற வேலை செய்யுற டிஎல்எஸ்ல, 1.3 பதிப்புன்னா ஹேண்ட்ஷேக்குக்குப் போய்வர ஒரே சுற்று, 1.2ல ரெண்டு. சர்வர் அமெரிக்காவுல இருந்தா...

பழைய_சர்வர்: சர்வர் இங்க சிங்கப்பூர்லயே, தை செங்ல இருக்கு. எம்ஆர்டி ரயில் நிலையத்திலேர்ந்து நடந்தே போவேன். சுற்றுக் கதை வேண்டாம். ஒரு சதவீதத்துக்குப் பதில் சொல்லுங்க.

ஜூரோங்_வாசி: கீப்-அலைவ், அதான் ஒரு தடவை திறந்த இணைப்பை மூடாம வச்சுக்கிறது, போட்டிருக்கீங்களா? முன்ன ஒரு தடவை இப்படித்தான் குதிச்சீங்க, கடைசியில டேட்டாபேஸ்ல சீக்கிரம் தேடறதுக்கான இண்டெக்ஸே இல்ல.

பழைய_சர்வர்: அந்தப் பழைய கதைய எதுக்கு இழுக்கிறீங்க? கீப்-அலைவை நான்தான் நிறுத்தினேன். மெமரி பத்தல.

ஜூரோங்_வாசி: ஆள் வர்றப்பல்லாம் கதவைப் பூட்டிப் பூட்டித் திறந்துட்டு, கை வலிக்கு சாவியைத் திட்டுறீங்க.

சொல்_வேட்டை: ‘கைகுலுக்கல்’னு அழகான சொல் இருக்க எதுக்கு ஹேண்ட்ஷேக்?

உட்லண்ட்ஸ்_இரவுப்பணி: கைகுலுக்கினா சிபியு இறங்குமா லா?

சொல்_வேட்டை: சிரிங்க. இந்த நாட்டோட நாலு அதிகாரத்துவ மொழியில தமிழும் ஒண்ணு. நீங்களே இப்படின்னா பிள்ளைங்க என்ன பேசும்?

பழைய_சர்வர்: கைகுலுக்கலோ கால்குலுக்கலோ, ஒரு சதவீதம் எங்க? படத்தை அனுப்புறதையும் பாருங்க. முன்ன சென்ட்ஃபைல்ங்கிற வசதி கோப்பைக் கெர்னல் (லினக்ஸோட உள்மையம்) உள்ளயே நேரா தள்ளிடும். டிஎல்எஸ் வந்ததும் எல்லாத்தையும் வெளிய எடுத்து, பூட்டி, திரும்ப உள்ள கொடுக்கணும்.

உட்லண்ட்ஸ்_இரவுப்பணி: அதுக்குத்தான் 2017லயே லினக்ஸ் 4.13ல கெர்னல் உள்ளயே பூட்டிக்கிற கெர்னல் டிஎல்எஸ் வந்துச்சே.

பழைய_சர்வர்: என் கெர்னல் அதுக்கு முந்தினது. ஓடுறதை எதுக்குத் தொடணும்?

ஜூரோங்_வாசி: ஒரே ஒரு கேள்வி. சிபியுல பூட்டுற கணக்கை வேகமாப் போடுற ஏஇஎஸ்-என்ஐ வசதி இருக்கா? இன்டெல்காரன் 2010ல கொண்டுவந்தான்.

பழைய_சர்வர்: மெஷின் 2009ல வாங்கினது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சதவீதம் தப்புன்னு முதல்ல எழுதுங்க.

ஜூரோங்_வாசி: 2009!!

சொல்_வேட்டை: ‘சர்வர்’ இல்ல, ‘வழங்கி’.