உவர்மலை வீடு (குடும்ப அரட்டைக் குழு)

கபிலன்: அப்பப்பாவின் பெட்டியைத் திறந்துவிட்டேன். பாட்டுக் கேட்கும் குவாட் 22 கருவி. உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாய்கள், அதாவது வால்வுகள், நான்கும் நன்றாக இருக்கின்றன. ஈஎஃப்86 இரண்டு, ஈசிசி83 இரண்டு.

சித்தப்பா: பிளக் எங்கே தம்பி? தேடிக் களைத்துத்தான் அதைப் பரணில் ஏற்றினேன்.

கபிலன்: இது முன்பெருக்கி, சித்தப்பா. ஒலியைச் சரிசெய்து பெருக்கிக்கு அனுப்புவதுதான் இதன் வேலை. அலமாரிக்கு அடியில் கிடக்கும் குவாட் 2 பெருக்கியிலிருந்துதான் இதற்கு மின்சாரம் வரும்.

வசந்தி மாமி: கவனம். கறண்ட் அடித்துவிடும்.

கபிலன்: அடித்தால் 300 வோல்ட்டுக்கு மேல், மாமி. அதனால்தான் 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுச் சோதித்தேன். பல்ப் பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட். எரிந்து, மங்கிவிட்டது.

தர்ஷினி: பாட்டு வந்ததா?

கபிலன்: கரகரப்புத்தான் வந்தது. நம் ஊர் உப்புக்காற்றில் பித்தான்களின் தொடுகைகள் கறுத்திருந்தன. துடைத்தேன். பழைய கப்பாசிட்டர்கள் நேர்மின்னோட்டத்தைக் கசியவிட்டு அடுத்த வால்வைக் குழப்பின. பொலிப்ரொப்பிலீன் வகை மாற்றினேன். மின்தடை மதிப்பு ஏறிப்போன ரெசிஸ்டர்களுக்குப் பதிலாக மெட்டல் ஃபில்ம் வகை போட்டேன். வால்வுகளில் கை வைக்கவில்லை.

தர்ஷினி: அப்படியே புளூடூத்தும் பூட்டிவிடு.

கபிலன்: பெட்டியில் ஓட்டை போட மாட்டேன். வெளியே ஒரு ரிசீவர் வைத்து, ரேடியோ உள்ளீட்டில் கொடுக்கிறேன்.

பெரியப்பா: ஓட்டை போட்டால் கை முறியும். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஊரை விட்டுப் போகும்போது அப்பாவுக்குக் கொடுத்த பரிசு அது.

கபிலன்: அங்கேதான் கணக்கு உதைக்கிறது, பெரியப்பா. அவர்கள் திருகோணமலைத் தளத்தை 1957இல் ஒப்படைத்துவிட்டார்கள். குவாட் 22 வெளிவந்ததே 1959இல்.

சித்தப்பா: 😂

வசந்தி மாமி: அண்ணா, "எழுதுகிறார்" என்றே பத்து நிமிடமாகக் காட்டுகிறதே?

பெரியப்பா: சரி. கொழும்பில் வாங்கினார். அம்மாவிடம் விலையைச் சொல்லப் பயந்து கப்பல்காரன் தலையில் போட்டார். எனக்கு மட்டும் கடைசிக் காலத்தில் சொன்னார்.

தர்ஷினி: இத்தனை வருடமுமா!

கபிலன்: இடது பக்கத்தில் கொஞ்சம் இரைச்சல் இருக்கிறது. பூமி இணைப்பாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், எல்லோரும் வாருங்கள்.

வசந்தி மாமி: இங்கே அம்மாவுக்கு எல்லாவற்றையும் உரக்க வாசித்துக் காட்டிவிட்டேன். விலை எவ்வளவு என்று கேட்கிறார். அண்ணா, தயவுசெய்து பதில் எழுதாதீர்கள்.