குடியிருக்கும் வீட்டை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் பத்து லட்சம் வருமா?

பிரிஸ்கோவாசி:
டல்லாஸ் அருகே 1980-களில் கட்டப்பட்ட ஓர் அடுக்குமாடி வளாகத்தை வாங்கத் திரட்டப்படும் கூட்டு முதலீட்டில் 50,000 டாலருடன் சேருமாறு, தமிழ்ப் பள்ளியில் பழக்கமான ஒருவர் அழைக்கிறார். அக்ரெடிட்டட் முதலீட்டாளராக, அதாவது வருமானத்திலோ நிகரச் சொத்திலோ அமெரிக்கச் சட்டம் வைத்த வரம்பைத் தாண்டியவராக இருக்க வேண்டுமாம். நிகரச் சொத்துக்கு வரம்பு பத்து லட்சம் டாலர். எங்கள் இருவருடைய வருமானம் 2023-இல் 2,88,000 டாலர், 2024-இல் 3,12,000. ஓய்வூதியக் கணக்கும் பங்குகளும் 7,60,000. குடியிருக்கும் வீட்டில் கடன் போக 4,00,000. மொத்தம் பத்து லட்சத்தைத் தாண்டுகிறதே, சேரலாமா?

கணக்குப்பிள்ளை:
இரண்டு வழியிலும் தகுதி வரவில்லை, நண்பரே. தம்பதிக்கு 3 லட்சம், தனி ஒருவருக்கு 2 லட்சம் என்ற வருமான வரம்பை முந்தைய இரண்டு ஆண்டுகளிலுமே தாண்டியிருக்க வேண்டும். நடப்பு ஆண்டிலும் தாண்டும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். நிகரச் சொத்தில் குடியிருக்கும் வீட்டைச் சேர்க்கக் கூடாது என்று 2010-ஆம் ஆண்டின் டாட்-ஃபிராங்க் சட்டம் சொல்லிவிட்டது. ஆக, உங்கள் கணக்கு 7,60,000-தான். அழைத்தவருக்கு இது தெரியாமல் இருக்காது.

வளாகப்பங்காளி:
கதவு அத்தோடு மூடிவிடவில்லை. தனியார் முதலீடு திரட்டுவதற்கான அமெரிக்க 506(பி) விதியின்படி, விளம்பரம் செய்யாமல் நிதி திரட்டுபவர், விவரம் புரிந்துகொள்ளக்கூடிய, தகுதி வரம்புக்கு வெளியே உள்ள 35 பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம். 2025-லும் 3 லட்சத்தைத் தாண்டினால், 2026-இல் வருமான வழியிலேயே தகுதி வந்துவிடும். வரவு செலவுக் கணக்கைப் படிக்கத் தெரிந்த பொறியாளரை வெளியே நிறுத்திவிட்டு, பணம் மட்டும் உள்ளவரை உள்ளே விடும் இந்த விதி எனக்கு நியாயமாகப் படவில்லை.

கணக்குப்பிள்ளை:
அந்த 35 பேரில் ஒருவரைச் சேர்த்தாலும் விரிவான ஆவணங்களைத் தர வேண்டும் என்பதால், நிதி திரட்டுபவர்கள் பலர் அந்த வழியையே தவிர்க்கிறார்கள். முதலீட்டு ஆலோசகர் உரிமத்துக்கான சீரிஸ் 65 தேர்வில் தேறினாலே போதும் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். தேர்ச்சி மட்டும் போதாது, உரிமமும் நடப்பில் இருக்க வேண்டும். தனிநபருக்கான 2 லட்சம் என்ற வரம்பு 1982-இல் வைத்தது, இன்றுவரை உயரவில்லை. அன்று பெரும் செல்வந்தர்களுக்கென்று போட்ட கோட்டை இன்று மாதச் சம்பளக்காரர்களும் தாண்டிவிடுகிறார்கள். தாண்டியவர் நட்டத்தைத் தாங்குவார் என்று சட்டம் அனுமானித்துக்கொள்கிறதே ஒழிய, அந்த வளாகம் நல்லதா என்று எந்த அரசு அலுவலகமும் பார்ப்பதில்லை.

என் சொந்த அனுபவத்தையும் சொல்கிறேன். 2021-இல் நான் தகுதியுடன்தான் ஒரு வளாகத்தில் சேர்ந்தேன். 2 கோடி டாலர் கடன், மாறும் வட்டி. 3.5 விழுக்காட்டில் ஆண்டுக்கு 7 லட்சமாக இருந்த வட்டி 8 விழுக்காட்டில் 16 லட்சமானது. வாடகை அந்த வேகத்தில் ஏறவில்லை. வட்டி ஒரு வரம்பைத் தாண்டினால் ஈடுகட்டும் உச்சவரம்புக் காப்பும் காலாவதியாக, கூடுதல் பணம் கேட்டுக் கடிதம் வந்தது.

வளாகப்பங்காளி:
அது கடனின் குற்றம், அடுக்குமாடியின் குற்றம் அல்ல. வீட்டுக் கடன்களுக்குப் பின்னால் நிற்கும் ஃபேனி மே நிறுவனத்தின் வழியாக நிலையான வட்டியில் நீண்ட காலக் கடன் எடுத்த வளாகங்களில் இருந்தவர்கள் அந்த ஆண்டுகளைத் தாண்டி வந்தார்கள். கட்டடத்தின் விலையை 27.5 ஆண்டுகளில் பிரித்துக் கழிக்கும் தேய்மானக் கழிவு வரியிலும் உதவும்.

கணக்குப்பிள்ளை:
அந்தக் கழிவைச் சம்பளத்தில் கழிக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொதுவாக, நாமே நடத்தாமல் பணம் மட்டும் போட்ட இதுபோன்ற முதலீடுகளின் வருமானத்தில்தான் கழிக்கலாம். மற்றபடி கடன் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஹூஸ்டனில் 2023 ஏப்ரலில் 3,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட நான்கு வளாகங்கள் கடன் கொடுத்தவர் கைக்குப் போனபோது, உள்ளே வாடகைக்கு இருந்தவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். போனது முதலீட்டாளர் பணம்தான்.

பிரிஸ்கோவாசி:
நேற்றே கேட்டுவிட்டேன். மூன்றாண்டுக் கடன், மாறும் வட்டி, உச்சவரம்புக் காப்பு இரண்டாண்டுக்கு மட்டும். மூன்றாம் ஆண்டுக்கு என்ன ஏற்பாடு என்றதற்கு, "அதற்குள் விற்றுவிடுவோம்" என்றார். தகுதிப் படிவத்தை மட்டும் இன்றைக்கே கையெழுத்திட்டு அனுப்பச் சொல்கிறார், அனுப்பவில்லை.