குரங்குப் புழு நமக்கு வருமா, வராதா?

பயந்தவன்: காட்டுக் குரங்கு மலத்த மைக்ராஸ்கோப்புல வெச்சா அனேகமா ஏதாவது ஒரு புழு முட்டை தெரியும். சாட்டைப்புழு, கொக்கிப்புழு மாதிரி ஒண்ணு, நூல்புழு. அதே குரங்குங்க வீட்டு மொட்டைமாடிலயும் தண்ணித் தொட்டி மேலயும் போய்ட்டு வருது. புடிச்சு தூரமா கொண்டுபோய் விடாம இன்னும் என்ன பேச்சு?

லேப்வாசி: மைக்ராஸ்கோப்புல முட்டை ஒரே மாதிரி தெரிஞ்சா ரெண்டும் ஒரே புழுன்னு ஆயிடாது, அங்கதான் பாதிப் பேரு வழுக்கி விழறாங்க. ஈசோபாகோஸ்டோமம் பைஃபர்கம்னு ஒரு புழு, குடல் சுவத்துல கட்டி கட்டியா வரும், மேற்கு ஆப்பிரிக்காவுல வடக்கு டோகோ, வடக்கு கானா பக்கம் மனுஷங்களுக்கு ஒரு காலத்துல நிறைய இருந்துச்சு. அதே பேர் புழு கானா குரங்குலயும் இருக்கு, அதனால குரங்குதான் பரப்புதுன்னு ரொம்ப நாள் சந்தேகப்பட்டாங்க. டிஎன்ஏ எடுத்துப் பாத்தா மனுஷன்ல இருக்கறது தனிக் கூட்டம், குரங்குல இருக்கறது தனிக் கூட்டம். (இதுல இன்னொரு கூத்து, இதோட முட்டைக்கும் கொக்கிப்புழு முட்டைக்கும் கண்ணால வித்தியாசமே தெரியாது, மலத்த கல்ச்சர் போட்டு லார்வாவ வளத்துதான் பாக்கணும்.)

பயந்தவன்: உங்களுக்கு வசதியான புழுவ மட்டும் எடுத்துக்கிட்டீங்க. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் ஃபுல்லபோர்னி? அது குரங்கோட நூல்புழுதான், ஆப்பிரிக்காவுலயும் தென்கிழக்கு ஆசியாவுலயும் மனுஷங்ககிட்ட கண்டுபுடிச்சிருக்காங்க. வாய் வழியா கூட வர வேணாம், ஈர மண்ணுல செருப்பில்லாம நடந்தா தோல துளைச்சுக்கிட்டு உள்ள போயிரும்.

லேப்வாசி: ஒத்துக்கறேன், அது நிஜமான ரிஸ்க். நான் சொன்னது ஒவ்வொரு புழுவுக்கும் வழி வேறன்னுதான். சாட்டைப்புழு முட்டை இன்னைக்கு விழுந்தா இன்னைக்கே ஒட்டாது, மண்ணுல ரெண்டு மூணு வாரம் கெடந்து பக்குவப்படணும், அப்புறம் அழுக்குக் கை வழியா வாய்க்குள்ள போகணும். நூல்புழுவுக்கு சில நாள் போதும். பெர்டியெல்லான்னு குரங்கோட நாடாப்புழு ஒண்ணு இருக்கே, அதுக்கு மண்ணுல இருக்கற மைட்னு ஒரு குட்டிப் பூச்சி முட்டைய திங்கணும், அந்தப் பூச்சிய நாம தெரியாம முழுங்கணும், அதனாலதான் அது மனுஷனுக்கு வர்றது அபூர்வம், வந்தாலும் பெரும்பாலும் மண்ணுல வெளையாடுற சின்னப் பசங்களுக்குத்தான். இதுல எதுவும் குரங்க தூரத்துல பாத்ததும் தொத்திக்கறது இல்ல.

காட்டுவழி: நடுவுல பூந்ததுக்கு மன்னிக்கணும். யாரும் திருப்பிக் கேக்கவே மாட்டேங்கறீங்க. உலகத்துல 150 கோடி பேருக்கு மண் வழியா வர்ற குடல் புழு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது, அந்த ஜனங்க காட்டோரமா வெட்டவெளியில ஒதுங்கினா குரங்குக்கு யார் குடுக்கறா? மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுல கொரில்லாகிட்டயும் மனுஷங்ககிட்டயும் ஒரே வகை கொக்கிப்புழு கெடைச்சிருக்கு. அப்புறம் புடிச்சு வேற காட்டுல விட்டா புழுவும் கூடவேதான் போகும், அங்க இருக்கற குரங்கு என்ன பாவம் பண்ணுச்சு?

பயந்தவன்: சரிங்க, குரங்கு மேல பரிதாபம் ஒரு பக்கம் இருக்கட்டும், என் பையன் மாடில கெடந்த மலத்துமேல கால வெச்சுட்டான். சானிட்டைசர் போட்டுத் தொடச்சு விட்டேன், போதுமா?

லேப்வாசி: புழு முட்டைய சானிட்டைசர் பெருசா ஒண்ணும் பண்ணாது, சோப்பு போட்டுத் தேச்சுக் கழுவுங்க. கெடந்தத கையுறை போட்டு அன்னைக்கே அள்ளிருங்க, நாள் ஆக ஆகத்தான் ஆபத்து. வயித்துவலி, பேதி, தோல்ல அரிப்புன்னு ஏதாவது வந்தா டாக்டர்கிட்ட குரங்கு விஷயத்தையும் சொல்லுங்க, ஏன்னா வழக்கமான பூச்சி மாத்திரை அல்பெண்டசோல் ஒரு டோஸ் நூல்புழுவ சரியா கொல்லாது, அதுக்கு ஐவர்மெக்டின்தான் நல்லா கேக்கும். நீங்களா வாங்கிப் போட்டுக்க வேணாம்.

காட்டுவழி: அப்படியே குரங்குக்கு சோறு வெக்கறதையும் நிறுத்துங்க. ஒரே எடத்துல தின்னா ஒரே எடத்துல பேளும்.

பயந்தவன்: வெக்கறது நான் இல்ல, பக்கத்து வீடு. அவங்கள எந்தக் காட்டுல கொண்டுபோய் விடறது?