பிரித்தானியத் தொழிலாளரைக் குறிக்கும் வழக்குச் சொற்களைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது?

கேள்வி – களுவாஞ்சிக்குடி

லிவர்பூல் நகரத் தொழிலாளர் குடும்பமொன்றைப் பற்றிய சிறுகதையை எங்கள் வாசகர் வட்டத்துக்காக மொழிபெயர்த்து வருகிறேன். அதில் கடைக்காரர் ஒருவர் பதின்ம வயதுப் பையனைச் ‘சாவ்’ என்கிறார். பையனின் பாட்டனோ தன்னை ‘ஸ்கவுஸர்’ (லிவர்பூல்காரர்) என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். முதற்சொல்லை அப்படியே எழுதினால் சாவு என்று வாசிக்கப்படும். ‘காவாலி’ என்றால் பையன் செய்யாத குற்றத்தை அவன்மேல் ஏற்றியதாகிவிடும். ஒரே குடும்பத்தில் ஒரு சொல் வசையாகவும் மற்றது பெருமையாகவும் இருப்பது எதனால்?

பதில் – அக்கரைப்பற்று

இறைச்சியும் கிழங்கும் சேர்த்துக் காய்ச்சிய ‘லொப்ஸ்கவுஸ்’ என்ற மாலுமிகளின் உணவிலிருந்தே ‘ஸ்கவுஸ்’ வந்தது. கால்வாய் வெட்டிய கூலியாட்களை 18ஆம் நூற்றாண்டில் ‘நாவிகேற்றர்’ என்றார்கள். அதுவே ‘நாவி’ என்று சுருங்கி, பின்னர் ரயில் பாதை அமைத்தவர்களுக்கும் பெயராயிற்று. இச்சொற்களுக்குள் உழைப்போ உணவோ இருக்கிறது. ‘சாவ்’ அப்படியன்று. ரோமா மக்களின் ரோமானி மொழியில் பிள்ளையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படும் அதனை ஒக்ஸ்போர்ட் பதிப்பகம் 2004இல் ஆண்டின் சொல்லாகத் தெரிவுசெய்தது. விளையாட்டு உடுப்பையும் கட்டம் போட்ட தொப்பியையும் பார்த்து, அவற்றை அணிந்தவனின் தொழிலையோ பாடுகளையோ விசாரிக்காமலே எறியப்படும் சொல் அது. உள்ளூராட்சி சபை வீடுகளில் வாழும் வன்முறையாளர் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளே அச்சொல் என்பது பின்னர் கட்டிய கதை.

பதில் – மட்டக்களப்பு

மேலே ஐயா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பெருமைச் சொற்களும் ஏளனத்தில் பிறந்திருக்கலாம். ‘கொக்னி’ முதலில் கோணல் முட்டையையும், பின்னர் செல்லம் கொடுத்துக் கெடுத்த நகரவாசியையும் குறித்தது; லண்டனின் போ தேவாலய மணியோசை கேட்கும் எல்லைக்குள் பிறந்தவர்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டார்கள்.

தங்கச்சி! போடியார் (வயலுடையவர்), முல்லைக்காரன் (அவருக்காக வயலில் வேலை செய்பவர்) போன்ற எங்கள் வயற்சொற்களை மட்டும் அங்கே கொண்டுபோக வேண்டாம். எங்களுடைய நிலவுறவு முழுவதும் அவற்றோடு கூடவே வந்துவிடும். ‘சாவ்’ இருக்கும் இடத்தில் பெயர்ச்சொல்லே தேவையில்லை. கடைக்காரர் “இதுகளுக்கு வேற வேலையில்லை” என்று சொல்லட்டும். மனிதரை அஃறிணையாக்கும் அந்த ஒரு சொல்லே அவருடைய இளக்காரத்தைக் காட்டிவிடும்.

கேட்டவர்

மிக்க நன்றி. ‘இதுகள்’ மிகச் சரியாகப் பொருந்துகிறது. கதையின் தொடக்கத்தில் பாட்டன் அடுப்பில் கிண்டுவதை ‘இறைச்சிக்கறி’ என்று எழுதியிருந்தேன்; அதனை ‘ஸ்கவுஸ்’ என்றே திருத்திவிடுகிறேன்.