ஷவர் பேஸ் ஒரு மூலையில டொக்கு டொக்குங்குது, என்ன பண்ணலாம்?

எல்லாருக்கும் வணக்கம். பாத்ரூம்ல ஷவருக்கு ரெடிமேட் பேஸ் (ஷவருக்குக் கீழ தரையில பதிக்கிற அடித்தட்டு) வாங்கி நானே போட்டுட்டு இருக்கேன், மேல நேரா டைல்ஸ் ஒட்டுற டைப், வாட்டம் எல்லாம் அதுலயே இருக்கு. தரைய லெவல் பாத்து, பல்லு வச்ச கரண்டியால டைல் பசைய இழுத்து விட்டு, பேஸை வச்சு நல்லா அமுக்கினேன், மறுநாள் தட்டிப் பாத்தா பின் மூலையில ஒரு கையகலத்துக்கு டொக்கு டொக்குங்குது, மத்த இடமெல்லாம் கெட்டியா இருக்கு. கால் வச்சா லேசா, ரொம்ப லேசா அமுங்குது. பசைய கொஞ்சம் தண்ணியா கலக்கிட்டேன்னு நினைக்கிறேன், என் அவசரம்தான்.

மொத்தமா பேத்து எடுத்துட்டு மறுபடி போடணுமா, இல்ல சின்னதா ஓட்டை போட்டு உள்ள பசைய இறக்கினா தாங்குமா? ஓட்டை போட்டா வாட்டர்ப்ரூஃப் போயிடுமேனு பயமா இருக்கு. அப்படியே விட்டா நாளைக்கு டைல் சந்துல கிரவுட் விரிஞ்சிடும்னு தெரியும். டிரெயினை அடைச்சு 24 மணி நேரம் தண்ணி நிறுத்திப் பாத்தேன், சொட்டு கூட கசியல, அது ஒண்ணுதான் ஆறுதல். சுவரும் பேஸும் சேர்ற இடத்துல வாட்டர்ப்ரூஃப் டேப் இன்னும் ஒட்டல, டைல் பெட்டியெல்லாம் ஹால்லயே கிடக்கு, வீட்டுல தினமும் திட்டு. இந்த மாதிரி மாட்டி சரி பண்ணவங்க யாராவது இருந்தா சொல்லுங்களேன்.