சோர்ஸிலிருந்து கம்பைல் செய்த சாம்பா: பயனர் பட்டியலில் இருக்கிறார், ஷேர் திறக்கவில்லை, பிரின்டரும் காணவில்லை

மூங்கில்:
வணக்கம். ஒரு டெபியன் சர்வரில் பேக்கேஜாக வந்த சாம்பா (விண்டோஸ் கணினிகளோடு ஃபோல்டர், பிரின்டர்களைப் பகிரும் மென்பொருள்) நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. புதிய பதிப்பில் இருக்கும் ஒரு விஎஃப்எஸ் மாட்யூல் (ஷேரின் கோப்பு வேலைகளோடு சேரும் கூடுதல் துண்டு) தேவைப்பட்டதால் சோர்ஸை இறக்கி, ./கான்ஃபிகர் கேட்ட லைப்ரரிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, வேறு ஆப்ஷன் எதுவும் கொடுக்காமல் மேக், மேக் இன்ஸ்டால் முடித்தேன். பழைய சர்வீஸை நிறுத்திவிட்டு, புதிய எஸ்எம்பிடியை (சாம்பாவின் சர்வர் நிரல்) -எஸ் ஆப்ஷனோடு /இடிசி/சாம்பா/எஸ்எம்பி.கான்ஃப் கோப்பைக் காட்டி ஓட்டுகிறேன். ஓடுகிறது, ஷேர் பெயர்களும் அதே கோப்பில் உள்ளவைதான்.

ஆனால் எந்தப் பயனராலும் ஷேரைத் திறக்க முடியவில்லை. எஸ்எம்பிகிளையன்ட் மூலம் போனால் "என்டி_ஸ்டேட்டஸ்_ஆக்சஸ்_டினைட்" என்கிறது. பயனர் பட்டியலைக் காட்டும் பிடிபிஎடிட் -எல் கொடுத்தால் எல்லாப் பயனர்களும் வரிசையாக வருகிறார்கள். எஸ்எம்பிபாஸ்வேர்ட் -ஏ கொடுத்து ஒரு புதுப் பயனரைச் சேர்த்தும் பார்த்தேன், சேர்த்தாயிற்று என்கிறது, பலன் இல்லை. எஸ்எம்பி.கான்ஃபைச் சரிபார்க்கும் டெஸ்ட்பார்ம் ஒரு குறையும் சொல்லவில்லை. இது போதாதென்று பிரின்டர்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. எங்கே பார்ப்பது?

கடலாமை:
ஷேர் ஃபோல்டருக்கு சிமாட் 777 (எல்லோருக்கும் முழு அனுமதி) கொடுத்துப் பாருங்க. எனக்கு அப்படித்தான் சரியானது.

சிலந்திவலை:
777 வேண்டாம், தயவுசெய்து. பழைய எஸ்எம்பிடிக்கு அதே ஃபோல்டர் அதே அனுமதியோடு திறந்தது என்றால் கோளாறு ஃபோல்டரில் இல்லை.

மூங்கில், ஒரு சின்னச் சோதனை. வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்ட் கொடுத்து அதே ஷேரைத் திறங்கள். "லாகான் ஃபெயிலியர்" வருகிறதா, மறுபடி அதே "ஆக்சஸ் டினைட்" வருகிறதா? அப்புறம் எஸ்எம்பி.கான்ஃபில் "மேப் டு கெஸ்ட்" வரி என்ன சொல்கிறது?

மூங்கில்:
தப்பான பாஸ்வேர்டுக்கும் அதே ஆக்சஸ் டினைட்தான்! இதை நான் கவனிக்கவே இல்லை. மேப் டு கெஸ்ட் = பேட் யூசர் என்று இருக்கிறது, பேக்கேஜோடு வந்த வரி, நான் தொட்டதில்லை.

சிலந்திவலை:
அப்படியானால் விஷயம் பாதி தெரிந்துவிட்டது. பேட் யூசர் என்றால், இல்லாத பயனர் வந்தால் விருந்தினராக உள்ளே விடு, இருக்கிற பயனர் தப்பான பாஸ்வேர்டோடு வந்தால் துரத்து என்று அர்த்தம். உங்களைத் துரத்தவில்லை, விருந்தினராக்கிவிட்டது. விருந்தினருக்கு அந்த ஷேரில் இடமில்லாததால் அனுமதி மறுப்பு. அதாவது புதிய எஸ்எம்பிடியைப் பொறுத்தவரை உங்கள் பயனர்கள் யாருமே கிடையாது. பிடிபிஎடிட் காட்டும் பட்டியல் வேறு ஏதோ கோப்பிலிருந்து வருகிறது.

இரண்டு எஸ்எம்பிடியையும் முழுப் பாதை கொடுத்துத் தனித்தனியாக -பி (b, பில்ட் ஆப்ஷன்ஸ்) ஆப்ஷனோடு ஓட்டுங்கள். கம்பைல் செய்தபோது உள்ளே பதிந்த அமைப்புகள் அத்தனையையும் அது கொட்டும், சர்வர் எதுவும் தொடங்காது. மேலே "பாத்ஸ்" என்ற பகுதியில் கான்ஃபிக்ஃபைல், பிரைவேட்_டிர், ஸ்டேட்டிர் மூன்றையும் ஒப்பிட்டுப் போடுங்கள். கூடவே "விச் பிடிபிஎடிட்" என்ன சொல்கிறது என்பதும்.

மூங்கில்:
பழையது, /யுஎஸ்ஆர்/எஸ்பின்/எஸ்எம்பிடி:
கான்ஃபிக்ஃபைல்: /இடிசி/சாம்பா/எஸ்எம்பி.கான்ஃப்
பிரைவேட்_டிர்: /வார்/லிப்/சாம்பா/பிரைவேட்
ஸ்டேட்டிர்: /வார்/லிப்/சாம்பா

புதியது, /யுஎஸ்ஆர்/லோக்கல்/சாம்பா/எஸ்பின்/எஸ்எம்பிடி:
கான்ஃபிக்ஃபைல்: /யுஎஸ்ஆர்/லோக்கல்/சாம்பா/இடிசி/எஸ்எம்பி.கான்ஃப்
பிரைவேட்_டிர்: /யுஎஸ்ஆர்/லோக்கல்/சாம்பா/பிரைவேட்
ஸ்டேட்டிர்: /யுஎஸ்ஆர்/லோக்கல்/சாம்பா/வார்/லாக்ஸ்

விச் பிடிபிஎடிட் கொடுத்தால் /யுஎஸ்ஆர்/பின் அடியில் உள்ளது வருகிறது. பழையது! ஆனால் நான்தான் -எஸ் கொடுத்துப் பழைய எஸ்எம்பி.கான்ஃபைக் காட்டினேனே, மற்றதெல்லாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளாதா?

சிலந்திவலை:
எடுத்துக்கொள்ளாது, எல்லோரும் மாட்டுகிற இடம் இதுதான். -எஸ் மாற்றுவது கான்ஃபிக் கோப்பை மட்டும். அந்தக் கோப்பில் "பிரைவேட் டிர்" என்று ஒரு வரி எழுதப்படாதவரை, ஒவ்வொரு பைனரியும் தனக்குள் கம்பைல் ஆகிப் பதிந்திருக்கும் பாதையைத்தான் எடுக்கும். பயனர்களும் பாஸ்வேர்ட் ஹேஷ்களும் இருக்கும் பாஸ்டிபி.டிடிபி (டிடிபி என்பது சாம்பாவின் சிறு தரவுத்தளக் கோப்பு) பிரைவேட் டிருக்குள் இருக்கிறது. நீங்கள் பழைய எஸ்எம்பிபாஸ்வேர்டால் பழைய இடத்தில் எழுதுகிறீர்கள், புதிய எஸ்எம்பிடி புதிய இடத்தில் ஒரு காலிக் கோப்பைப் படிக்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை. டெஸ்ட்பார்மும் பழையதுதான், அது தன் பதிப்புக்குச் சரி என்று சொன்னது, அவ்வளவே. டெஸ்ட்பார்மை -வி ஆப்ஷனோடு ஓட்டினால் எழுதப்படாத வரிகளுக்கான இயல்பு மதிப்புகளும் வரும். இரண்டு டெஸ்ட்பார்மையும் அப்படி ஓட்டி டிஃப் எடுத்துப் பாருங்கள், கண் திறக்கும்.

பனைமரம்:
இவ்வளவு சுற்ற வேண்டாமே, எஸ்எம்பி.கான்ஃபின் குளோபல் பகுதியில் பிரைவேட் டிர் = /வார்/லிப்/சாம்பா/பிரைவேட் என்று ஒரு வரி போட்டால் முடிந்தது. மறுபடி கம்பைல் தேவையில்லை.

சிலந்திவலை:
வேலை செய்யும், ஆனால் அரைகுறை. குரூப்_மேப்பிங்.டிடிபி, அக்கவுன்ட்_பாலிசி.டிடிபி எல்லாம் ஸ்டேட் டைரக்டரியில் இருக்கின்றன, அதற்கும் தனி வரி வேண்டும். கேஷ், லாக், பிஐடி என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஒன்றை மறந்தால் ஆறு மாதம் கழித்துத் தலை சொறிய வேண்டி வரும். இன்னொன்று, பிரைவேட் டிருக்குள் சீக்ரெட்ஸ்.டிடிபியும் இருக்கிறது. சர்வரின் பாதுகாப்பு அடையாள எண்ணான எஸ்ஐடியும், டொமைனில் சேர்ந்த மெஷின் என்றால் அதன் கணக்குப் பாஸ்வேர்டும் அதில்தான். புதிய இடத்தில் காலியாகத் தொடங்கினால் புது எஸ்ஐடி பிறக்கும், டொமைன் உறுப்பினர் என்றால் மறுபடி ஜாயின் செய்ய வேண்டும்.

எப்படியும் பிரின்டருக்காக மறுபடி கம்பைல் செய்யத்தான் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். புதிய எஸ்எம்பிடி -பி வெளியீட்டில் ஹேவ்_கப்ஸ் (கப்ஸ் என்பது லினக்ஸின் அச்சு அமைப்பு) என்று கிரெப் செய்து தேடுங்கள்.

மூங்கில்:
பழையதில் ஹேவ்_கப்ஸ் இருக்கிறது. புதியதில் இல்லை. ஆனால் கான்ஃபிகர் ஒரு வார்த்தை சொல்லவில்லையே? ஏசிஎல் லைப்ரரி இல்லாதபோது நின்று, எந்தப் பேக்கேஜைப் போட வேண்டும் என்றுகூடச் சொன்னது.

சிலந்திவலை:
ஏசிஎல், எல்டாப், பேம் போன்ற லைப்ரரிகள் இல்லையென்றால் நிற்கும், வேண்டாம் என்றால் --வித்அவுட் கொடுத்து நீங்களே சொல்ல வேண்டும். கப்ஸ் அப்படியில்லை. ஹெடர் கிடைக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மேலே போய்விடும். சாம்பாவில் எனக்குப் பிடிக்காத நடத்தைகளில் இது ஒன்று. ஃபைல் சர்வர் மட்டும் வேண்டுமென்பவர்களுக்கு வசதிதான், மற்றவர்கள் இப்படி முழிக்க வேண்டியிருக்கிறது. லிப்கப்ஸ்2-டெவ் போடுங்கள், கப்ஸ்-கான்ஃபிக் கட்டளையும் அதோடு வரும். கான்ஃபிகர் திரும்ப ஓடும்போது திரையில் கப்ஸ் வரிகளைப் பாருங்கள், விட்டுப்போனால் சோர்ஸுக்குள் "பின்" (bin) என்ற அடைவில் உள்ள கான்ஃபிக்.லாக் கோப்பில் தேடலாம்.

லிப்கப்ஸ் இல்லாத பைனரியில் பிரின்டிங் = கப்ஸ் என்று எழுதினாலும் கப்ஸிடம் நேரே பேசிப் பிரின்டர் பட்டியலை வாங்க அதற்கு வழியில்லை. அதனால்தான் லோட் பிரின்டர்ஸ் = யெஸ் இருந்தும் காலி.

பாதைகளுக்கு இரண்டு வழி. ஒன்று: --எனேபிள்-எஃப்ஹெச்எஸ் --ப்ரிஃபிக்ஸ்=/யுஎஸ்ஆர் --சிஸ்கான்ஃப்டிர்=/இடிசி --லோக்கல்ஸ்டேட்டிர்=/வார். எஃப்ஹெச்எஸ் (லினக்ஸின் வழக்கமான அடைவு அமைப்பு) இல்லாமல் ப்ரிஃபிக்ஸை மட்டும் /யுஎஸ்ஆர் என்று கொடுத்தால் கான்ஃபிகரே மறுத்துவிடும், நல்ல காரியம். ஆனால் இந்த வழியில் பேக்கேஜின் கோப்புகள் மேலேயே எழுதுவீர்கள், அடுத்த அப்டேட் வந்து உங்கள் பைனரியை மிதிக்கும். பேக்கேஜை நீக்காமல் இதைச் செய்யாதீர்கள், நீக்கும்போது பர்ஜ் (அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து அழிப்பது) கொடுக்காதீர்கள்.

இரண்டு: ப்ரிஃபிக்ஸ் இப்போதுள்ள இடத்திலேயே இருக்கட்டும், --வித்-கான்ஃபிக்டிர், --வித்-பிரைவேட்டிர், --வித்-ஸ்டேட்டிர், --வித்-கேஷ்டிர் நான்கையும் பழைய எஸ்எம்பிடி -பி காட்டிய பாதைகளுக்கே திருப்புங்கள். நானாக இருந்தால் இதைத்தான் செய்வேன். பழைய பைனரி தொடப்படாமல் கிடக்கும்.

எதற்கும் முன்னால் எஸ்எம்பிடி, விண்பைண்ட்டி எல்லாவற்றையும் நிறுத்தி டிடிபி கோப்புகளை டிடிபிபேக்கப் கொண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பு சில டிடிபிகளின் வடிவத்தை மேம்படுத்தி எழுதக்கூடும், பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப நகல்தான் கை கொடுக்கும். இரண்டு பதிப்பும் ஒரே நேரத்தில் ஒரே டிடிபிகளின் மேல் ஓடவே கூடாது.

கடலாமை:
அப்போ என் சர்வரில் 777 கொடுத்ததும் சரியானது எப்படி?

சிலந்திவலை:
உங்களுடையதில் ஷேர் கெஸ்ட் ஓகே = யெஸ் என்று இருந்திருக்கும், விருந்தினர் பயனரான நோபடிக்கு ஃபோல்டரில் அனுமதி கிடைத்ததும் திறந்திருக்கும். எஸ்எம்பிஸ்டேட்டஸ் ஓட்டி யார் பெயரில் இணைப்பு நிற்கிறது என்று பாருங்கள். நோபடி என்று வந்தால் உடனே 777ஐ எடுங்கள்.

மூங்கில்:
இரண்டாவது வழியில் போனேன். எஸ்எம்பிடி -பி இப்போது பழைய பாதைகளையே காட்டுகிறது, ஹேவ்_கப்ஸும் வந்துவிட்டது. ஷேர்கள் பழைய பாஸ்வேர்டோடு திறக்கின்றன, தப்பான பாஸ்வேர்டுக்கு ஒழுங்காக லாகான் ஃபெயிலியர். ஆர்பிசிகிளையன்டில் ஈனம்பிரின்டர்ஸ் கொடுத்தால் எல்லாப் பிரின்டரும் வருகின்றன. நன்றி அண்ணா.

பனைமரம்:
ரீபூட் செய்வதற்கு முன் சர்வீஸ்களை எழுப்பும் சிஸ்டம்டி யூனிட்டைப் பாருங்க, அது இன்னும் /யுஎஸ்ஆர்/எஸ்பின் எஸ்எம்பிடியைத்தான் எழுப்பும். அதை மாஸ்க் செய்து முடக்கிவிட்டுப் புதிய பைனரிக்குத் தனி யூனிட் எழுதுங்க. கட்டளைகளைத் தேடும் பாத் மாறியில் /யுஎஸ்ஆர்/லோக்கல்/சாம்பா/பின், எஸ்பின் இரண்டையும் முன்னால் சேருங்க. சூடோ தனக்கென்று செக்யூர்_பாத் வைத்திருக்கும், அதிலும் சேர்க்கணும், இல்லாவிட்டால் சூடோ எஸ்எம்பிபாஸ்வேர்ட் மறுபடி பழையதைத்தான் கூப்பிடும்.